அந்தக் கிடா யார்?

"இதுல வர்ற கிடா யாரு?"

அறைக்குள் போய் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை, கேட்டுவிட்டார். மேசையில் எங்கள் அலுவலகத்தின் வெள்ளிவிழா மலர் விரிந்து கிடந்தது, நான் எழுதிய மூன்று பக்கக் கதை இருந்த இடத்தில். கதையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு. அவர் எங்கள் கிளைக்குத் தலைமை அதிகாரி, ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். இருபது வருடத்துக்கு முந்தைய சங்கதி இது. ஆனாலும் எங்காவது 'உருவகக் கதை' என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பென்சில் கோடுதான், அந்த வகைக்குப் பேர்போன ஆங்கில எழுத்தாளர்கள் ஆர்வெல்லும் ஜான் பனியனும் எல்லாம் அப்புறம்.

கதையைச் சொல்லிவிடுகிறேன், பெரிய கதை ஒன்றும் இல்லை. கரிசல் காட்டில் ஒரு செம்மறி மந்தை. முன்னால் போகிற கிடாவின் கழுத்தில் மணி கட்டியிருக்கிறது. மற்ற ஆடுகள் தலையைக் குனிந்தபடி மணிச் சத்தத்தின் பின்னாலேயே போகும், செம்மறியின் குணம் அது. கிடாவுக்கு வயதாகிறது, கண்ணில் பூ விழுகிறது, யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் மேய்க்கிற பையன் வேப்பமரத்தடியில் தூங்கிவிட, கிடா ஊருணிக் கரையைச் சுற்ற ஆரம்பிக்கிறது. மந்தையும் பின்னாலேயே சுற்றுகிறது. வெயில் தாழும்வரை அத்தனை ஆடும் அந்த ஒரே கரையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, வெகுதூரம் நடந்து வந்த களைப்போடு நிற்கின்றன. அவ்வளவுதான் கதை.

இதில் கற்பனை என்று ஒன்றும் இல்லை. விளாத்திகுளம் பக்கம் அம்மாவைப் பெற்ற தாத்தாவிடம் மந்தை இருந்தது. பத்து வயதில் முழுப்பரீட்சை லீவுக்குப் போயிருந்தபோது கண்ணால் பார்த்தது. மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று தொகுப்பவர் விடாமல் நச்சரித்ததால் அந்த ஞாபகத்தை எடுத்து எழுதினேன். நான் யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. மலர் வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்னால்தான் எங்கள் அதிகாரிக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்திருந்தது. இரண்டு வாரம் கறுப்புக் கண்ணாடியோடு அலுவலகம் வந்துபோனார். போதாததற்கு அந்த வருடம் ஒரே கோப்பு நான்கு பிரிவுகளையும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது, எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் போட்டுக் களைத்திருந்தார்கள். மலர் வந்த அன்று கேன்டீனில் ஒருவர் என் தோளைத் தட்டி, "துணிச்சல்தான்யா உனக்கு" என்றார். நடை நன்றாக இருக்கிறது என்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

"யாரும் இல்லை சார். நிஜமாவே எங்க தாத்தா வீட்டுக் கிடா."

"எழுதுறவங்க எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாங்க." கொஞ்ச நேரம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கிடாவுக்குப் பதிலா வேற ஏதாவது போட்டிருக்கலாமே. ஒரு காளை மாடு மாதிரி" என்றார்.

அப்புறம் இன்னொன்று கேட்டார். அதைக் கடைசியில் சொல்கிறேன். இத்தனை வருடம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்விக்காகத்தான்.

கரும்பலகையில் ஒரு கோடு

நான் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன். அலெகரி, அதாவது இந்த உருவகக் கதை, என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: ஒன்றைச் சொல்லி மற்றொன்றை உணர்த்துவது, நீட்டி வளர்த்த உருவகம். எங்களுக்கு ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' நாவலை நடத்திய ஆசிரியர் கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு கிழித்தார். இந்தப் பக்கம் நெப்போலியன் என்ற பன்றி, அந்தப் பக்கம் சோவியத் ரஷ்யாவை ஆண்ட ஸ்டாலின். இந்தப் பக்கம் ஸ்னோபால், அந்தப் பக்கம் ஸ்டாலின் நாடு கடத்திய டிராட்ஸ்கி. மோசஸ் என்ற காக்கை, திருச்சபை. பாக்ஸர் என்ற குதிரை, உழைக்கும் வர்க்கம். அரை மணி நேரத்தில் பலகை நிறைந்தது, நாங்கள் நோட்டில் எழுதிக்கொண்டோம், பரீட்சைக்குப் பத்து மார்க். அந்தக் கோடு போட்ட பலகைதான் அலெகரி என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அதிகாரியின் அறையில் எனக்கு நாக்கு உலர்ந்ததற்குக் காரணமும் அதுவே. நான் பலகையின் இடது பக்கத்தை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தேன், வலது பக்கத்தை அலுவலகமே நிரப்பிக்கொண்டது.

அந்த வாரக் கடைசியில் பழைய நோட்டையெல்லாம் எடுத்துப் பார்த்தேன், ஏதோ சட்டப் புத்தகத்தில் தப்பிக்க வழி தேடுகிறவன் மாதிரி. சொல்லின் வேர் அதில் இருந்தது. கிரேக்கத்தில் அல்லோஸ் என்றால் வேறு, பிறிது. சொல்லின் மீதிப் பாதி அகோராவிலிருந்து பிறந்தது. அகோரா என்பது ஏதென்ஸ் மாதிரியான நகரங்களில் ஊர் கூடுகிற வெளி. காய்கறி விற்பதும் வழக்குப் பேசுவதும் அரசியல் செய்வதும் எல்லாம் அங்கேதான். அதிலிருந்து சபையில் பேசுவதைக் குறிக்கும் வினைச்சொல் வந்தது, காலப்போக்கில் அது வெறுமனே பேசுவது என்றும் ஆனது. இரண்டும் சேர்ந்து அல்லெகோரியா: வேறாகப் பேசுவது. நோட்டில் இதையெல்லாம் எழுதிவிட்டு 'வேறு' என்ற சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தேன். சபையை யாரும் கண்டுகொள்ளவில்லை, ஆசிரியரும் சரி நானும் சரி. நாலு பேர் முன்னால் நின்று பேசுகிற இடம் ஒன்று அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, நாம் படிக்கும் இலக்கணத்தில் அந்த இடம் மட்டும் காணாமல் போய்விடுகிறது.

ஹோமரைக் காப்பாற்றியவர்கள்

இதில் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்த விஷயம், அலெகரி முதலில் எழுதுகிறவனுடைய வேலையாகத் தொடங்கவில்லை என்பது. படிக்கிறவனுடைய வேலையாகத்தான் தொடங்கியது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தென் இத்தாலியின் ரேகியம் நகரத்தில் தியாகனிஸ் என்று ஒருவர் இருந்தார். பழைய கிரேக்கக் கவி ஹோமரின் காவியத்தில் தேவர்கள் சண்டை போடுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், கள்ள உறவு வைத்துக்கொள்கிறார்கள், இதென்ன அசிங்கம் என்று அந்தக் காலத்திலேயே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். தியாகனிஸ் பதில் கண்டுபிடித்தார்: அப்போலோ என்றால் நெருப்பு, பொசைடன் என்றால் தண்ணீர், அவர்கள் மோதுகிறார்கள் என்றால் நெருப்பும் நீரும் மோதுகின்றன. அதீனா அறிவு, ஏரிஸ் அறிவின்மை. ஹோமர் இதை நினைத்துத்தான் எழுதினாரா என்று கேட்க ஹோமர் உயிரோடு இல்லை. அவர் உயிரோடு இருந்து, "யாரும் இல்லை சார், நிஜமாகவே அப்போலோதான்" என்று சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

இப்படிப் படிப்பதற்கு அப்போது அலெகரி என்ற பெயர் வந்திருக்கவில்லை. ஹிபொனோயா என்றார்கள், அடியில் கிடக்கும் கருத்து என்று சொல்லலாம். கிரேக்கத் தத்துவ ஞானி பிளேட்டோ 'குடியரசு' நூலில் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். தேவர்கள் அடித்துக்கொள்ளும் கதைகளை அடிக்கருத்து இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, நம் நகரத்துக்குள் விடக்கூடாது, ஏனென்றால் சின்னப் பிள்ளைகளுக்கு எது அடிக்கருத்து எது இல்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது என்கிறார். இதைச் சொன்ன மனிதர் அதே நூலின் ஏழாம் பாகத்தில் குகைக்குள் கட்டிப்போட்ட மனிதர்களையும் சுவரில் ஆடும் நிழல்களையும் வைத்துச் சொன்னதுதான் இன்றைக்கும் உலகம் முழுக்க வகுப்புகளில் முதல் உதாரணமாக நடத்தப்படுகிறது. தத்துவ ஞானிகளும் அதிகாரிகள் மாதிரித்தான், அடுத்தவன் சொன்னால்தான் அபாயம்.

கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், முன்பு ஹிபொனோயா என்றதைத்தான் இப்போது அல்லெகோரியா என்கிறார்கள் என்று போகிற போக்கில் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒரு வரியால் சொல்லுக்குக் கிட்டத்தட்ட ஒரு பிறந்தநாள் கிடைத்துவிட்டது. புளூட்டார்க்குக்கு அந்த மாதிரி வாசிப்புப் பிடிக்காது. ஏரிஸும் காதல் தெய்வம் அப்ரோடைட்டியும் கள்ளத்தனமாகக் கூடியதைச் சூரியன் காட்டிக்கொடுத்த கதையை, ஏரிஸ் செவ்வாய், அப்ரோடைட்டி வெள்ளி, அந்த இரண்டு கிரகமும் சேர்ந்தால் பிறக்கிற ஜாதகம் என்று வளைக்கிறார்களே என்று அலுத்துக்கொள்கிறார். அதே காலத்தில் ரோமாபுரியில் குயின்டிலியன் என்ற பேச்சுக்கலை ஆசிரியர், ரோமானியக் கவி ஹொராஸின் கப்பல் பாட்டை எடுத்து விளக்குகிறார்: கப்பல் என்றால் நாடு, அலையும் புயலும் என்றால் உள்நாட்டுப் போர், துறைமுகம் என்றால் சமாதானம். இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் ஆசிரியரின் கரும்பலகைக் கோடு கிட்டத்தட்ட 2,000 வருடப் பழையது. ஆனால் குயின்டிலியன் இன்னொன்றும் சொல்கிறார், அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ரொம்ப இருட்டாகிவிட்டால் அதன் பெயர் அலெகரி இல்லை, விடுகதை, அது குற்றம் என்கிறார். கேட்கிறவனுக்குப் புரிய வேண்டும், ஆனால் சொன்னதாக இருக்கக்கூடாது. எவ்வளவு புரிய வேண்டும் என்பது கூட்டத்தைப் பொறுத்தது.

பூனையைத் திட்டுவது

கிரேக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தவனுக்கு வீட்டிலேயே பதில் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு அத்தை இருந்தார். மருமகள் அடுப்படியில் நிற்கும்போது திண்ணையில் உட்கார்ந்து பூனையைத் திட்டுவார். "பாலைக் குடிச்சிட்டு மூக்கைத் தொடைச்சிக்கிட்டுப் போறியே, ஒனக்கெல்லாம் வெக்கமா இல்லையா" என்பார். அந்தத் தெருவில் ஒருத்தர்கூட 'இந்தப் பூனை எதைக் குறிக்கிறது' என்று கேட்டதில்லை. மருமகள் பதில் பேசினால், "நான் பூனையச் சொன்னேன், ஒனக்கு ஏன் உறைக்குது" என்று கேட்க அத்தைக்கு எப்போதும் வழி திறந்தே இருக்கும். ஜாடை பேசுவது என்று நாம் இதைச் சொல்கிறோம். அதே அத்தை யாரும் இல்லாத மத்தியானத்தில் அதே பூனையை அதே வார்த்தையால் திட்டினால் அது வெறும் பூனைதான்.

நம் அணியிலக்கணக்காரர்கள் இதற்கு வைத்த பெயரைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்: பிறிது மொழிதல். அல்லோஸ், பிறிது. பேசுதல், மொழிதல். சொல்லுக்குச் சொல் அப்படியே. தண்டியலங்காரம் இதை ஒட்டு என்கிறது, சொல்ல நினைத்ததை மறைத்துக்கொண்டு அதைப் புலப்படுத்த அதைப் போன்ற வேறொன்றைச் சொல்வது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த உதாரணம்தான்:

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்.

மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும். குறளுக்குள் அரசன் இல்லை, பகை இல்லை, படை இல்லை. பரிமேலழகர் வந்து, எளியவர்கள்தானே என்று பலரோடு பகைத்துக்கொள்பவன் வலியவனாக இருந்தாலும் அவர்கள் ஒன்றுசேர்ந்தால் அழிவான் என்று பொருள் சொல்லி, இது பிறிது மொழிதல் என்னும் அலங்காரம், இதை நுவலா நுவற்சி என்பாரும் ஒட்டு என்பாரும் உண்டு என்று முடிக்கிறார். நுவலா நுவற்சி, சொல்லாமல் சொல்வது. எங்கள் ஆசிரியர் இந்தச் சொல்லை ஒருநாளாவது பலகையில் எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரி, பரிமேலழகருக்கு மட்டும் மயிலிறகு எளியவர்கள் என்று எப்படித் தெரிந்தது? குறளை மட்டும் பிய்த்து எடுத்து ஒரு வண்டிப்பேட்டையில் எழுதி ஒட்டினால் அது வண்டிக்காரர்களுக்கு நல்ல யோசனை, அவ்வளவுதான். வலியறிதல் என்ற அதிகாரத்தில் வருவதால்தான் அது அரசனைப் பற்றியதாகிறது. பொருள் குறளில் பாதிதான் இருக்கிறது, மீதி அதிகாரத்தில் இருக்கிறது. இதை யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சொல்லின் இன்னொரு அர்த்தம் எனக்கு உறைத்தது, சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். என் கிடாக் கதையை ஏதாவது வாரப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தால் அது கிடாக் கதை. அதை அதிகாரம் இருக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்தது நான்தான்.

சங்கப் பாட்டுக்காரர்களுக்கு இது எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது. குறுந்தொகையின் எட்டாம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது. "கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்" என்று தொடங்குகிறது. வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்துத் தானாக விழுகிற பழத்தை, குளத்து வாளைமீன் கவ்விக்கொள்கிற ஊர்க்காரன். இதைச் சொல்கிறவள் தலைவனின் பரத்தை. நான் ஒன்றும் அவனைத் தேடிப் போய் மயக்கவில்லை, பழம் தானாக விழுந்தது, நான் வாயைத் திறந்தேன் என்பது உள்ளே இருக்கும் பேச்சு. உள்ளுறை என்று தொல்காப்பியம் பெயர் வைத்திருக்கும் வித்தை. எனக்கு இந்தப் பாட்டில் பிடித்தது பாட்டுக்குக் கீழே உள்ள குறிப்புதான். தன்னைத் தலைவி இழிவாகப் பேசினாள் என்று கேள்விப்பட்ட பரத்தை, தலைவியின் பக்கத்து ஆட்கள் காதில் விழும்படி சொன்னது என்கிறது அது. மாம்பழம் யார், வாளை யார் என்று ஒரு சொல் இல்லை. யார் கேட்கச் சொன்னது என்பதை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள், அது தெரிந்தால் மற்றதெல்லாம் தானே தெரிந்துவிடும் என்று. 'சிறைப்புறமாகச் சொல்லியது' என்று எத்தனை பாட்டுக்குக் கீழே இருக்கிறது! தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறான், தோழி தலைவியிடம் பேசுவது மாதிரி அவனுக்குச் சொல்கிறாள். கிரேக்கர்களுக்கு ஊர் நடுவே சபை, நமக்கு வேலியோரம்.

பன்றியை மாற்றச் சொன்னவர்கள்

எல்லா அலெகரியும் மறைத்துப் பேசுவது இல்லை என்று ஒருவர் மறுக்கலாம், அது நியாயம்தான். உரிமமில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 12 வருடம் பெட்ஃபோர்டு சிறையில் கிடந்த ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட பரதேசியின் மோட்சப் பயணத்தில் எதுவும் மறைவில்லை. பயணம் போகிறவன் பெயரே கிறிஸ்தியான், வழியில் வருகிற சேற்றுக்குப் பெயர் நம்பிக்கையிழப்பு, ஆட்கள் எல்லோரும் நெற்றியில் பெயர்ப்பலகையோடு வருகிறார்கள். எங்கள் பக்கத்துக்காரரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அதைத் தழுவி 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்று 3,000க்கும் மேற்பட்ட விருத்தங்களில் காப்பியமாகவே பாடினார், கம்பன் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிற நடையில். திருநெல்வேலிச் சபைகளில் அதைப் பாடக் கேட்டவர்கள் யாரும் அதில் ரகசியம் தேடவில்லை. ஆக, சபை முழுவதும் ஒரே பக்கம் நின்றால் பெயரைப் போட்டே சொல்லலாம். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்கும்போதுதான் பூனை தேவைப்படுகிறது.

இதற்கு நேர் உதாரணம் விலங்குப் பண்ணை வெளிவந்த கதை. ஆர்வெல் அதை 1944 தொடக்கத்தில் எழுதி முடித்துவிட்டார். அப்போது சோவியத் ரஷ்யா பிரிட்டனின் கூட்டாளி, ஹிட்லரை எதிர்த்துச் சேர்ந்து போரிட்டுக்கொண்டிருந்தார்கள். லண்டன் பதிப்பாளர் ஜொனாதன் கேப் முதலில் ஒத்துக்கொண்டுவிட்டு, தகவல் அமைச்சகத்தில் ஒருவரிடம் பேசிய பிறகு பின்வாங்கினார். அவர் எழுதிய கடிதத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தன. கதை பொதுவாக எல்லாச் சர்வாதிகாரிகளையும் பற்றியதாக இருந்தால் வெளியிடுவதில் ஒன்றுமில்லை, ஆனால் இது ரஷ்யாவில் நடந்ததை அப்படியே பின்தொடர்கிறது, வேறு யாருக்கும் பொருந்தாது என்பது ஒன்று. ஆளும் சாதியாகப் பன்றிகளைப் போடாமல் இருந்தால் இவ்வளவு மனம் புண்படாது என்பது இன்னொன்று. ஃபேபர் பதிப்பகத்தில் இருந்த டி. எஸ். எலியட்டும் அதே வருடம் திருப்பி அனுப்பினார், அவருக்கும் பன்றிகள் பற்றி யோசனை இருந்தது: பொதுநலம் உள்ள பன்றிகள் இன்னும் சில இருந்தால் போதுமே, இன்னும் அதிகக் கம்யூனிசம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம் என்று எழுதினார். கடைசியில் 1945 ஆகஸ்டில் புத்தகம் வந்தது, ஐரோப்பாவில் போர் முடிந்தபிறகு. கேப்பின் கடிதத்தை மேற்கோள் காட்டி ஆர்வெல் எழுதிய முன்னுரை அதில் சேரவில்லை, 1972இல்தான் அச்சில் வந்தது. அதை முதன்முதலாகப் படித்தபோது எங்கள் அதிகாரியின் குரலே காதில் கேட்டது. ஒரு காளை மாடு மாதிரி ஏதாவது போட்டிருக்கலாமே.

இன்னொரு விஷயமும் எனக்குப் பிடிக்கும். உக்ரேனிய மொழிபெயர்ப்புக்கு 1947இல் ஆர்வெல் எழுதிய முன்னுரையில் இந்தக் கதை எங்கே பிறந்தது என்று சொல்கிறார். கிராமத்தில் அவர் வசித்தபோது, பத்து வயதுப் பையன் ஒருவன் குறுகலான பாதையில் பெரிய வண்டிக்குதிரை ஒன்றை ஓட்டிப்போவதைப் பார்க்கிறார். அது வேறு பக்கம் திரும்ப முயலும்போதெல்லாம் சாட்டையால் அடிக்கிறான். இந்த மாதிரி மிருகங்களுக்குத் தன் பலம் தெரிந்துவிட்டால் நமக்கு அதன்மேல் என்ன அதிகாரம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அதாவது முதலில் வந்தது ஒரு நிஜக் குதிரை. கரும்பலகையில் 'உழைக்கும் வர்க்கம்' என்று எழுதியபோது நாங்கள் அந்தக் குதிரையைத் தொலைத்துவிட்டோம். பாக்ஸரை அடிமாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற அத்தியாயத்தைப் படித்த யாரும் அந்த இடத்தில் வர்க்கத்தை நினைத்துக் கலங்குவதில்லை. வண்டியின் பக்கவாட்டில் குதிரை அறுப்பவனின் பெயர் எழுதியிருக்கிறது, கழுதை அதைப் படித்துவிட்டுக் கத்துகிறது, உள்ளேயிருந்து பாக்ஸர் உதைக்கிற சத்தம் கேட்டு மெல்ல மெல்ல அடங்குகிறது. மூன்று நாள் கழித்து ஸ்குவீலர் என்ற பேச்சுக்காரப் பன்றி வந்து, பாக்ஸர் ஆஸ்பத்திரியில் சகல வசதியோடும் செத்தது, அந்த வண்டியை மருத்துவர் விலைக்கு வாங்கியிருந்தார், பழைய பெயரை அழிக்க நேரமில்லை, அவ்வளவுதான் என்கிறது. விலங்குகளுக்கு மனசு ஆறிவிடுகிறது.

அடுத்த கேள்வி

திரும்ப அந்த அறைக்கு வருகிறேன். காளை மாடு பற்றிச் சொன்னபிறகு அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு மெமோ வரும், இல்லையென்றால் ராமநாதபுரம் பக்கம் எங்காவது தூக்கிப் போடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மலரை மூடி ஓரமாக வைத்துவிட்டு, வேறு ஏதோ பேசுகிற குரலில் கேட்டார்:

"அந்தக் கிடாவை அப்புறம் என்ன பண்ணினாங்க?"

கதையில் அது இல்லை. ஊருணிக் கரையோடு கதை முடிந்துவிட்டது. ஆனால் எனக்குப் பதில் தெரியும். அன்று ராத்திரியே தாத்தா கிடாவின் தலையைத் தன் தொடையில் சாய்த்து, லாந்தர் வெளிச்சத்தில் இரண்டு கண்ணையும் பார்த்தார். கண் பழுதான கிடா கோயிலுக்கு ஆகாது, சாமிக்கு விட முடியாது. அந்தச் சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிப்போய்க் கறிக்கடைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, வரும்போது எனக்குச் சேவும் அதிரசமும் வாங்கி வந்தார். ஓட்டிப்போகும் முன்னால் கழுத்து மணியை அவிழ்த்துத் திண்ணை ஆணியில் மாட்டினார். சத்தமில்லாமல் அது தெருவில் நடந்து போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"கடைசி வரைக்கும் பட்டியிலேயே வச்சிருந்தாங்க சார்," என்றேன். "தாத்தா யாருக்கும் கொடுக்கலை. தனியா இரை வைப்பாரு."

வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. யோசிக்கக்கூட இல்லை. கிடா வெறும் கிடாதான் என்று ஐந்து நிமிடம் முன்னால் சத்தியம் பண்ணியவன், அது வெறும் கிடாவாக இருந்திருந்தால் சந்தைக்குப் போனதைச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன், அதில் என்ன இருக்கிறது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பத்து நாள்தான் ஆன ஒரு மனிதர், ஒன்றரை வருடத்தில் வீட்டுக்குப் போகப் போகிறவர், எதிரே உட்கார்ந்து கேட்டார் என்பதற்காகத்தான் அதன் விதியை மாற்றினேன். கதை எழுதியபோது இல்லாத வலது பக்கத்தை அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நானே எழுதினேன். பின்னாளில் ஸ்குவீலர் வருகிற பக்கத்தைத் திரும்பப் படிக்கும்போதெல்லாம் வேகமாகப் புரட்டிவிடுகிறேன். பாக்ஸர் போனபிறகு அவனுக்கும் மற்ற பன்றிகளுக்கும் விஸ்கி கிடைத்தது, எனக்கு மெமோ வரவில்லை.

அவர் நம்பினாரா என்று இன்றுவரை தெரியவில்லை. கிராமத்திலிருந்து வந்த மனிதர்தான், மந்தை பார்க்காதவர் இல்லை. கண் போன கிடாவை யாரும் தனியாக இரை வைத்து வளர்ப்பதில்லை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும். தலையை மட்டும் மெல்ல ஆட்டினார். பேனா மூடியைத் திறந்து அடுத்த கோப்பை இழுத்துக்கொண்டார். நான் எழுந்து கதவுப் பக்கம் போனபோது நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்:

"மணியை யாருக்குக் கட்டினாங்க?"

"வேற ஒரு இளம் கிடாவுக்கு சார்."

அது உண்மைதான்.